இந்தியில் நான்

மார்ச் 1968, வெள்ளி இரவு

எங்கள் படகு ஷெட்டின் பெயிண்ட் மேஸ்திரி அப்துல் பாயிடம் இன்று உளறிவிட்டேன். உளறல் இல்லை, சொல்லிவிட்டேன்.

மீந்த பெயிண்டில் நான் ப்ளைவுட்டில் வரைந்ததை அவர் பார்த்துவிட்டார். சிவப்பு, அதற்குள் ஊறிப்போகும் நீலம், அவ்வளவுதான்.

"க்யா ஹை ரே, கடலா, கப்பலா?" பாய்க்கு வீட்டில் இந்தி. எங்களோடு உடைந்த தமிழ்.

"நான்தான் பாய்."

"உன் மூக்கு எங்க?"

"மூக்கு வரைஞ்சா மீசையும் வரையணும். அதான் இப்படி பனாத்தீ ஹூன்."

சிரித்தார். "பனாத்தா ஹூன்னு சொல்லு. பனாத்தீ பொண்ணுங்க சொல்றது."

தமிழில் 'வரைகிறேன்' என்று யாரும் சொல்லலாம். இந்தி விடாது, ஆணா பெண்ணா என்று அங்கேயே கேட்கும். மதராஸி இந்தி என்று எல்லோரும் என்னைத் திருத்துவார்கள். நானும் தப்புதான் என்று தலையாட்டிவிடுவேன். இன்று ஆட்டவில்லை.

"தெரிஞ்சுதான் சொன்னேன் பாய்."

படிப்பை விட்ட எனக்கு இந்த வேலையும் போனால் வேறு போக்கிடமில்லை.

பாய் பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "சிவப்பு காயறதுக்குள்ள நீலம் அடிச்சிருக்க. அவசரம்," என்றார். போகும்போது, "கல் ஆயேகீ?" என்று கேட்டார். நாளைக்கு வருவாயா என்று, ஒரு பெண்ணிடம் கேட்பதுபோல. அவருக்கு இந்தியில் தப்பு வராது.

பலகையோடு வீடுவரை ஓடியே வந்தேன்.

நாளை ரங்கத் ஊரிலிருந்து அப்பா படகில் வருகிறார். அவரிடம் தமிழில்தான் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பலகையை அவர் கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைத்திருக்கிறேன். முதலில் அதைப் பார்க்கட்டும்.