குளியலறைச் சுவரில் ஒரு டைமர்

ஜனவரி 5, திங்கள்

பனி. ஆற்றுப் பாலத்தில் பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிந்தது. அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்தாயிற்று. அடுப்பில் காய வைத்த தண்ணீரைக் குளியலறைக்குத் தூக்கிப் போகும்போது வலது பாதத்தில் கொட்டிக்கொண்டேன். கொப்புளம். தறிப்பட்டறைக்கு லீவு.

தேன்மொழி திட்டினாள். "கீசர் இருக்கறப்ப எதுக்கும்மா இந்தக் கூத்து?"

பதினாறு வயது மகள். வீசிங் உண்டு, பச்சைத் தண்ணீர் ஆகாது. இந்த வாடகை வீட்டுக்கு வந்து ஏழு மாதம். கீசர் சுவிட்சை நான் ஒருநாளும் தொட்டதில்லை. அவளையும் தொட விட்டதில்லை.

களிம்பு வாங்கணும். மாவு அரைக்கணும்.

ஜனவரி 6, செவ்வாய்

அவர் போன். அவர் வேலை செய்கிற போர்வெல் ரிக் வண்டி இப்போது சத்தீஸ்கரில். பாதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"டைமர்னு ஒண்ணு இருக்குது. தானா போடும், தானா அமத்தும். பாப்பா குளிக்கப் போறதுக்கு முன்னாடியே அமந்துரும். நீ கையே வெக்க வேண்டாம்."

என் பயம் அவருக்குத் தெரியும். தங்கை ஷாக் அடித்துப் போனது தெரியும். பாதிதான் தெரியும்.

ஜனவரி 8, வியாழன்

வயரிங் வேலை செய்கிற முருகேசண்ணன் வந்தார். கீசர் பிளக்கைக் கழற்றி டெஸ்டரை வைத்தார்.

"ஏனுங்க, இதுக்கு எர்த்தே இல்லீங்க. கம்பிய வெட்டி டேப்பு சுத்தி வெச்சிருக்குது. டைமரை அப்பறம் பாக்கலாமுங்க."

சுவரைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் கையை இழுத்துக்கொண்டேன்.

மாடியிலிருந்து வீட்டுக்கார அக்கா இறங்கி வந்தார். "பத்து வருசமா எத்தனையோ பேரு இருந்தாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. சொவத்த ஒடைக்க உட மாட்டேன்."

யாரிடமும் குரல் உயர்த்துகிறவள் இல்லை நான். இன்று உயர்த்தினேன். "ஆனதுக்கப்பறம் ஒடைச்சு என்னங்கக்கா பண்றது?"

அக்கா என் முகத்தையே பார்த்தார். "என்னமோ பண்ணுங்க" என்று படியேறிவிட்டார்.

ஜனவரி 10, சனி

வேலை முடிந்தது. கொல்லையில் குழி வெட்டி எர்த். ஷாக் அடித்தால் தானாக விழுகிற பிரேக்கர். குளியலறைக்கு வெளியே டைமர், கைக்கடிகாரம் போல வட்டம், ஓரத்தில் சிவப்பு விளக்கு. 5.15க்கு ஆன், 5.45க்கு ஆஃப். தேன்மொழி குளிப்பது ஆறுக்கு. நடுவில் கால் மணி நேரம்.

ஜனவரி 11, ஞாயிறு

விளக்கு எரிந்தது, அணைந்தது. எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். தே. உள்ளே போனதும் வாளி சாயும் சத்தம் கேட்டது. அவள் வாளி இல்லை. அது பழைய சத்தம். இன்றும் கேட்கிறது.

அன்றைக்கு நான்தான்

எழுத வரவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

நேற்றுச் சாயங்காலம் முக்கால் மணி நேரம் கரண்ட் இல்லை. பெரிதாக நினைக்கவில்லை.

காலை ஆறு. தே. உள்ளே. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். திரும்பினால் டைமரில் சிவப்பு விளக்கு எரிகிறது. தண்ணீர் விழும் சத்தம். சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை. கதவை இரண்டு கையாலும் அடித்தேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "என்னம்மா? தண்ணி சில்லுனு இருந்துச்சு, இப்பத்தான் சுடவே ஆரம்பிச்சுது. அதுக்குள்ள?" பிறகு சொன்னாள்: "என்னைப் பூங்கொடினு கூப்பிட்ட. யாரும்மா அது?"

தரையில் உட்கார்ந்துவிட்டேன். சொன்னேன். என் தங்கை. பன்னிரண்டு வயது. வாளியில் தண்ணீர் சுட வைக்கும் கரண்ட் ராடு போட்டிருந்தது. நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "தண்ணி காஞ்சிருச்சானு பாரு போ" என்று அனுப்பியது நான். விரலை விட்டுப் பார்த்தாள். வாளி சாயும் சத்தம்தான் எனக்குக் கேட்டது. தானாகப் போய்த் தொட்டுவிட்டாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. இத்தனை வருடமும்.

தே. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அப்ப உனக்கு எத்தன வயசு?"

"பதினாறு."

"என் வயசு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்குப் போகவில்லை.

முருகேசண்ணனுக்குப் போன் செய்தேன். "கரண்ட் நின்னா டைமரும் நின்னுருமுங்க. மறுக்கா மணி திருப்பி வெக்கோணும். சொல்ல மறந்துட்டனுங்க."

ஜனவரி 14, புதன்

போகி. தெருவெல்லாம் புகை. டைமரைக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். இரண்டு முறை. 5.45க்கு அணைந்தது.

உள்ளே போனவள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். "அம்மா, அங்கயே நின்னு பேசிட்டிரு. நீ பேசறது எனக்குக் கேக்கோணும்."

"என்னத்தப் பேசறது?"

"சித்தியப் பத்தி."

கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பூங்கொடிக்கு நீச்சல் தெரியும் என்றேன். வாய்க்காலில் என்னை முந்திப் போய், படியில் ஏறி நின்று பழிப்புக் காட்டுவாள் என்றேன்.

தண்ணீர் விழுந்தது.

"அப்பறம்?" என்றாள் உள்ளேயிருந்து.