நாற்பதாவது மூடி

பிப்ரவரி 6
இன்று பதவியேற்றேன். தையல் வேலையை விட்டுவிட்டு என் தங்கை தொடங்கிய ஜாம் தொழிலுக்கு முதல் ஆர்டர்: மலைமேல் கடைக்கு நாற்பது பாட்டில். நான் தலைமை மூடி அதிகாரி. கொதிக்கக் கொதிக்க அவள் ஊற்றுவாள். நான் அந்த நொடியே மூடியை முறுக்க வேண்டும். ஆறும்போது உள்ளே நீராவி சுருங்கி வெற்றிடமாகும். வெளிக்காற்று மூடியின் நடுவை ‘டிக்’கென்று அமுக்கிக் குழியாக்கும். ஆகாயமே வந்து என் மூடிமேல் உட்காருகிறதென்றால் சும்மாவா?

நடுவில், நான் ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்திய வரலாற்றைத் தங்கை மகளுக்குச் சொன்னேன். “போன தடவை ரெண்டு கைன்னீங்களே மாமா” என்றாள். துரோகி.

பிப்ரவரி 7
நாற்பதும் குழிந்தன. எனக்குச் சிலை வைக்க இடம் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 9
பாட்டில்களோடு பஸ் ஏறினேன். மலைப்பாதையில் பத்தாயிரம் வளைவுகள். பக்கத்து இருக்கைக்காரரின் சிப்ஸ் பொட்டலம் விருந்து முடிந்த என் வயிறுபோல் உப்பியது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

கடைக்காரர் ஒவ்வொரு மூடியாக அமுக்கினார். பன்னிரண்டு மூடிகள் மேலே எழும்பி நின்றன. அமுக்கினால் ‘டொக், டொக்’.

“என்ன சார், தவளை மாதிரி கத்துது? இருபத்தெட்டு எடுத்துக்கறேன். அடுத்த தடவை ஒண்ணு இப்படி இருந்தாலும் மொத்தமும் வேணாம்னு சொல்லிடுவேன்.”

பஸ்ஸைத் திட்டினேன். டிரைவரைத் திட்டினேன். மலையையே திட்டினேன்.

கீழே இறங்கிப் பார்த்தால், மேலே குடித்து மூடிய என் காலித் தண்ணீர் பாட்டில் கழுத்தை நெரித்தாற்போல் நசுங்கியிருந்தது. மேலே காற்று லேசு, கீழே கனம். திருப்பிக் கொண்டுவந்த தவளைகளில் இரண்டு நல்ல பிள்ளையாகக் குழிந்துகொண்டன.

பிப்ரவரி 10
லேபிளில் ஊற்றிய வரிசை எண்ணைப் பார்த்தேன். பன்னிரண்டும் 29 முதல் 40 வரை. என் ரயில் கதை ஓடிய நேரம். ஜாம் ஆறிய பிறகு மூடியிருக்கிறேன். உள்ளே வெற்றிடம் அரைகுறை. கீழே கனத்த காற்று பிடித்து வைத்திருந்தது, மேலே கைவிட்டுவிட்டது.

சொல்வதா? யாருக்குத் தெரியப்போகிறது?

மாலையில் தங்கை, “பழைய வேலைக்கே போயிடறேண்ணா. எனக்குக் கைவரல” என்றாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டே. என் முகத்தைப் பார்க்காமல்.

சொல்லிட்டேன். எல்லாத்தையும், ரயில் முதற்கொண்டு.

தங்கை துடைத்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, “அப்போ ஜாம் நல்லாத்தான் இருந்துதா?”

பிப்ரவரி 13
பன்னிரண்டு பாட்டிலையும் நானே தின்று தீர்க்க வேண்டுமாம். தீர்ப்பு. மேல்முறையீடு இல்லை.

பிப்ரவரி 22
மறுபடி நாற்பது. அதே பதவி, ஒரு நிபந்தனையுடன்: கதை கிடையாது. மனித வரலாற்றில் முதன்முறையாக நான் ஒரு மணி நேரம் பேசவில்லை.

ஆறத் தொடங்கியதும் மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தோம். டிக். டிக். தங்கை விரல் விட்டு எண்ணினாள். முப்பத்தொன்பதோடு நின்றது.

மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தோம். ஆகாயத்துக்கு ஏன் இவ்வளவு தாமதம்?

டிக்.

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். “சரி, இப்போ சொல்லு. ரயில் எந்தக் கையில நின்னுச்சு?”