வாத்தியாருக்கும் சாந்திக்கும் ஒரே பொறி

புதன்கிழமை, இரவு.

தூக்கம் வரவில்லை. காரணம் ஜாபர்.

செல்போன் செயலியில் நான் எழுதும் தொடர்கதையில் ஒரு கேரம் வாத்தியாரும் அவருடைய மாணவி சாந்தியும் வருகிறார்கள். வாசகர்கள் அவர்களை இணையத்தில் பரவும் பதினாறு குணவகைகளில் அடைத்துச் சண்டை போடுகிறார்கள். வாத்தியார் வாயே திறக்காதவர், சாந்தி வாயாடி. நேரெதிர் வகை என்று நானே பதில் போட்டிருந்தேன்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் ஜாபரிடம் அதைச் சொன்னேன். நான் வேலை பார்க்கும் சாத்தாங்காடு கடையில் பழைய இரும்பைத் தரம் பிரிக்கிறவன். என் கதையை விடாமல் படிப்பவன்.

"இன்னாக்கா நீ, பேச்ச வச்சா ரகம் பிரிப்பாங்க? பார்த்தா எல்லா இரும்பும் ஒண்ணாத்தான் கீது. கிரைண்டிங் கல்லுல வச்சா வருது பாரு பொறி, அத்த வச்சுதான் பிரிக்கணும். சாந்தி தோத்துட்டு வந்தப்போ வாத்தியார் இன்னா செஞ்சாரு? சுத்தமா கீற போர்ட தொடச்சாரு. அவரு திட்டினப்போ சாந்தி? கழுவின டம்ளர மறுபடி கழுவினா. ரெண்டும் ஒரே ரகம்க்கா."

இரண்டும் பத்து அத்தியாய இடைவெளியில் எழுதியவை. யோசித்து வைத்ததே இல்லை. எனக்குத் தெரியாமல் என் கைக்கு எப்படித் தெரிந்தது?

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் ஆசையாகச் சொன்னேன். "கத எழுதி இன்னாத்த கிழிச்ச?" என்றார். துடைத்த அடுப்பை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். பாதியில் ஜாபர் சொன்ன பொறி நினைவுக்கு வந்து கை அப்படியே நின்றுவிட்டது.

துணி இன்னும் அடுப்பின்மேல்தான் கிடக்கிறது. எடுக்கப் பயமாக இருக்கிறது.