சாவி கொடுக்கும் வாட்ச்

மார்ச் 4

மகளுக்கு,

அன்புள்ள என்று தொடங்க இன்றைக்கு மனம் வரவில்லை.

வார் கிழிந்திருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று என் வாட்சை வாங்கிப் போனாய். வார் புதிதாகத்தான் வந்திருக்கிறது. உள்ளே இருந்தது எங்கே? காலையில் சாவி கொடுத்தால் திருகு பிடிமானமே இல்லாமல் சுற்றுகிறது. வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய நொடிமுள் தத்தித் தத்திப் போகிறது. பேட்டரி போட்டிருக்கிறாய்.

பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். மிஷினோடு வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து லேத் ஓட்டக் கற்றவன். ஓய்வு பெற்ற அன்று எனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது. ஸ்விஸ் வாட்சில் விலை குறைந்த ரகம்தான். "பெரியவரே, இதுல தேதிகூடத் தெரியாதே" என்றான் கடைக்காரன். "தேதிக்குக் காலண்டர் இருக்குய்யா, நீ பின்மூடியைத் திற" என்றேன். உள்ளே அந்தச் சிறு சக்கரம் மூச்சு விடுவதுபோல் போய்ப் போய் வந்தது. நாற்பது வருஷம் இரும்பு கடைந்த என்னால் அதில் ஒரு பல்லை வெட்ட முடியாது. அதனால்தான் வாங்கினேன்.

என்னைக் கேட்காமல் ஏன் செய்தாய்?

அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

பொய் சொன்னது தப்புதான்.

போன மாதம் வந்திருந்தபோது உங்கள் அறை வாசலில் நின்று பார்த்தேன். திருகு உங்கள் விரலுக்கு அகப்படவே இல்லை. துண்டைச் சுற்றித் திருகினீர்கள். பிறகு வாட்சை மடியில் போட்டுவிட்டு, நடுக்கம் நிற்கக் கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தினீர்கள். என்னைப் பார்த்ததும் "திருகுல எண்ணெய் பட்டிருக்கும்மா" என்றீர்கள். "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

உங்களுக்குத் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம். வாட்சுக்குள் இருந்த பழைய மிஷினைத் தூக்கிப்போட விடவில்லை. இதோடு அனுப்புகிறேன்.

தனியாக இருந்தது போதும்ப்பா. இங்கே வந்துவிடுங்கள். பழையதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம், தினமும் நானே சாவி கொடுத்துத் தருகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் ஞாயிற்றுக்கிழமையே வந்து கூட்டிப்போகிறேன்.

உங்கள் மகள்

மார்ச் 20

மகளுக்கு,

டப்பா வந்தது. பழையதையே மறுபடி உள்ளே வைக்கச் சொன்னேன். "பேட்டரின்னா நிம்மதியாச்சே, எதுக்கு சார் இந்தப் பிடிவாதம்?" என்றார் ரிப்பேர்காரர். "என் வாட்சு, என் பிடிவாதம். நீங்க மூடியை ஒழுங்கா மூடுங்க" என்றேன்.

நீ பார்த்தது உண்மை. உன் அம்மா இறந்த வருஷமே இந்த நடுக்கம் தொடங்கிவிட்டது.

உன் வீட்டுக்கு வரமாட்டேன். இன்றைக்கு வாட்சுக்குச் சாவி கொடுப்பாய். நாளைக்கு என் சட்டைக்குப் பித்தான் போடுவாய். அப்புறம் சோறு ஊட்டுவாய். நீ சலித்துக்கொள்ள மாட்டாய், தெரியும். அதுதான் எனக்குப் பயம்.

முப்பது சுற்றுக் கொடுக்க வேண்டும். எட்டுக்கு மேல் முடியவில்லை. அதனால் வாட்ச் பிற்பகலில் நின்றுவிடுகிறது. அதற்குமேல் மணி தெரிந்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வராதே. தாழ்ப்பாளைத் திறக்க எனக்கு இப்போது வெகுநேரம் பிடிக்கிறது. அந்தச் சத்தத்தை நீ வெளியே நின்று கேட்க வேண்டாம்.

அப்பா