பெட்டியில் இருந்த ஊசித் தட்டு

என் தலையைப் பின்னிவிட்டு வளர்த்த எஸ்தர் அக்காவுக்கு,

உன் ரகசியத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்ல நேர்ந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்ததெல்லாம் தெலுங்கு, அதையும் ஒன்பதாவதோடு விட்டேன். தமிழ் எழுத்து சர்ச்சின் ஞாயிறு பள்ளியிலும் பைபிளிலும் வந்ததுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னை அடக்கம் செய்து சில வாரம் கழித்து உன் பெட்டி வந்தது. ஸ்ரீ சிட்டி கம்பெனி ஹாஸ்டலில் உன் அறையில் இருந்த ரேவதிதான் பஸ் மாறி மாறிச் சுமந்துகொண்டு வந்தாள். வழியில் வடமாலபேட்டையில் அவள் வீடு. அங்கேகூட இறங்காமல் நேரே சித்தூருக்கு வந்திருக்கிறாள். தூக்கத்தில் பேசுவாள் என்று நீ போனில் சொல்லிச் சிரிப்பாயே, அவளை அன்றுதான் பார்த்தேன். வா என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டேன்.

அம்மா ஒவ்வொரு துணியாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். கம்பெனி யூனிஃபார்ம், சீப்பு, பாதி தீர்ந்த பவுடர் டப்பா. அடியில் கறுப்புத் துணியில் சுற்றி ஏதோ கனமாக இருந்தது. பிரித்தவள் "ஐயோ" என்று கீழே போட்டாள். உள்ளங்கை அளவு வட்டமான ஈயத் தட்டு. அதன்மேல் நெருக்கமாக ஊசிகள், எல்லாம் மேலே பார்த்தபடி. அம்மாவின் விரலில் ரத்தம்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணி, அதைத் தொடாத! செய்வினை இது. கறுப்புத் துணி, ஊசி, இன்னும் என்னா வேணும்?"

"நாம கர்த்தருடைய பிள்ளைங்க, நம்மள அதெல்லாம் அண்டாது" என்றார் நைனா. குரலில் பலமே இல்லை.

"கர்த்தர் காப்பாத்துவாரு, நான் இல்லேங்கல. பக்கத்துல படுத்துக்கினு இருந்தவளே வெச்சா என்னா பண்றது?" என்று அத்தை ரேவதியைப் பார்த்தாள்.

அம்மா எழுந்துவிட்டாள். "என்னாடி பண்ண எம் பொண்ண? உன் கையால என்னாத்த துன்னா அவ? கல்லு மாதிரி இருந்தவ, ஜுரத்துலயா போவா?"

பயத்தில் ரேவதிக்குத் தமிழே போய்விட்டது. "நேனேமி செய்யலேதம்மா, நேனேமி செய்யலேது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தான் ஒன்றும் செய்யவில்லை என்பதற்கு மேல் அவளால் என்ன சொல்ல முடியும்? ஞாயிறுதோறும் அவள் ஊருக்குப் போய்விடுவாள். அந்தத் தட்டை அவளும் அன்றுதான் பார்க்கிறாள். அதற்குள் தெரு கூடிவிட்டது. போலீசைக் கூப்பிடு என்றார் ஒருவர். அத்தை அவள் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அது என்னவென்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். வீடியோ காலில் நீ எனக்கு மட்டும் காட்டினாய். உங்கள் மேனேஜரின் மனைவி, அந்த ஜப்பான் அம்மா, ஞாயிறு காலையில் ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில் பூ வைக்கச் சொல்லித் தருகிறார் என்றாய். இகேபானா என்று பெயர் சொன்னாய். அவர் தன் நாட்டுக்குத் திரும்பியபோது இந்தத் தட்டை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

"நாம நெருக்கி நெருக்கிக் கட்டறோம் இல்ல ரூத்து, இவங்க ஒரு கிளை, ஒரு பூ, அவ்ளோதான். மிச்ச இடத்தை சும்மா விட்டுடறாங்க. அந்த சும்மா இருக்கிற இடமும் பூவைச் சேந்ததுதானாம். உனக்கு ஏத்த வேலைடி, வாயே தொறக்க வேணாம்" என்று சிரித்தாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட சொல்லிடாத. நான் சர்ச்சுல உக்காந்துக்கினு இருக்கேன்னு நெனச்சிக்கினு இருக்குது" என்றாய்.

அங்கேதான் எனக்குத் தடுத்தது. தட்டைப் பற்றிச் சொன்னால் சர்ச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கும்போது உன்னைப் பற்றி நான் எப்படிச் சொல்வேன்? "எம் பொண்ணு ஒரு ஞாயிறும் ஆராதனையை விட்டதில்ல" என்று சொல்லிச் சொல்லித்தானே அடக்கத்தன்று அம்மா அழுதாள்? அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு ஆறுதல்தான்.

ரேவதி அம்மாவைப் பார்த்துக் கை கூப்பினாள். நான் தட்டைக் கையில் எடுத்தேன். அத்தை கத்தினாள். அகலமான கிண்ணத்தில் அதை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். வாசல் நந்தியாவட்டையிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வந்தேன். "தண்ணிக்குள்ள வெச்சே காம்பை நறுக்கணும், இல்லேன்னா காத்தைக் குடிச்சிட்டு செத்துப்பூடும்" என்று நீ சொன்னது நினைவிருந்தது. முதலில் கிளை நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது. பிறகு ஊசிகளில் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒரு பூ, ஒரு மொக்கு.

"இதுக்குத்தாம்மா" என்றேன். "பூ நிக்கிறதுக்கு. ஞாயித்துக்கிழமையில அக்கா இதைக் கத்துக்கினு இருந்தா. சர்ச்சுக்குப் போகல. ரேவதிக்கு ஒண்ணும் தெரியாது."

கூட்டம் மெல்லக் கலைந்தது. "இவளுக்கும் வாய் இருக்குதுன்னு இன்னிக்கித்தான் தெரியுது" என்றாள் அத்தை. நைனா பையை வாங்கி ரேவதியிடம் கொடுத்து, "மனசுல வெச்சுக்காதம்மா" என்று சொல்லி அவளை பஸ் ஏற்றிவிடப் போனார்.

அம்மா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ ஆராதனைக்குப் போகாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அக்கா. நான் பயந்ததெல்லாம் வீண். அவள் கேட்டது வேறு.

"அப்போ யாருடி?"

"யாருமில்லம்மா. ஜுரம்தான்."

"வெறும் ஜுரமா?"

அந்தக் கேள்வியிலிருந்து அம்மா இன்னும் வெளியே வரவில்லை. திட்டவும் சபிக்கவும் கொஞ்ச நேரம் அவளுக்கு ஓர் ஆள் கிடைத்திருந்தாள். நீ போன பிறகு அந்த ஒரு பொழுதுதான் அம்மா நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். அந்த ஆளை நான் அவளிடமிருந்து பறித்துவிட்டேன். ரேவதி தப்பினாள், அம்மாவால் தப்ப முடியவில்லை. நான் செய்தது சரிதான். சரியென்று தெரிந்தும் ஏன் இவ்வளவு கனக்கிறது?

நேற்று ரேவதி போன் செய்தாள். உன் கட்டிலுக்குக் குடிபாலாவிலிருந்து ஒரு பெண் வந்துவிட்டாளாம். அவளிடம் ரேவதி இன்னும் பேசவில்லையாம். நம் வீட்டில் நைனா வேலைக்குப் போகிறார். அம்மா சர்ச்சுக்கு வருகிறாள், ஆனால் பாடுவதில்லை. அத்தை இன்னும் நம்பவில்லை, நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறாள்.

சோறு வடிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அம்மா திடீரென்று நின்று, "வெறும் ஜுரமாடி?" என்கிறாள். நைனா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் போக மாட்டேன், அக்கா. எத்தனை முறை கேட்டாலும் "ஆமாம்மா" என்று வாய் திறந்து சொல்வேன். சொல்லிவிட்டு, அவள் மறுபடி கேட்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
ரூத்து