வயிற்று வலி என்று போட்டார்கள்

ஜூலை 3, வியாழன்

கணக்கில் அறுபத்திரண்டு. விடைத்தாளில் கையெழுத்து வாங்க யாரிடம் நீட்டுவது?

அக்கா போய் நான்கு நாள். பேப்பரில் மூன்று வரி: "வயிற்று வலியால் இளம்பெண் தற்கொலை." அவளுக்கு வயிற்று வலியே கிடையாது. இருந்தது ஒரு பதிவுத் திருமணச் சான்றிதழ். அப்பாவும் சித்தப்பாவும் தலையணையோடு அவள் அறைக்குள் போனதைக் கதவிடுக்கில் பார்த்தேன். எல்லாரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

ஜூலை 4

இன்னொரு பேப்பர். "காதல் விவகாரமா?" அம்மா கொடுத்த குடும்பப் படத்தில் ஆளை மாற்றி வெட்டிவிட்டார்கள். அக்கா பெயருக்கு மேலே என் முகம்.

பக்கத்து பெஞ்சுக்காரி கேட்டாள்: "செத்துட்டன்னு பேப்பர்ல போட்டிருக்கு, நீ என்னடி டிபன் பாக்ஸோட வந்து நிக்கிற?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

நிருபர் வீட்டுக்கு வந்தார். "தப்பாப் போச்சுங்க. சரியான படம் ஒண்ணு குடுங்க. பின்னாடி பேரு, வயசு எழுதிடுங்க, மறுபடி குழப்பம் வராது."

"செல்லமா வளத்த புள்ள சார். அதையும் போடுங்க" என்றார் சித்தப்பா.

அப்பா என்னைப் பார்த்தார். "உன் கையெழுத்துதான் நல்லாருக்கும். நீ எழுதிக் குடு."

உள்ளே போய் எழுதினேன். பெயர். வயது இருபத்திரண்டு. அதற்குக் கீழே: வயிற்று வலி இல்லை. அப்பாவும் சித்தப்பாவும். நான் பார்த்தேன்.

உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். ஏன் ஒட்டினேன்னு கேட்டிருந்தா?

ஜூலை 7

சரியான படம் வந்துவிட்டது. "பாசமாக வளர்த்தோம்: உறவினர் கண்ணீர்." வேறொன்றும் இல்லை. அவர் திருப்பிப் பார்க்கவே இல்லையா? இல்ல, பாத்துட்டு சித்தப்பாகிட்டயே சொல்லிட்டாரா?

ஜூலை 9

படத்தைத் திரும்ப வாங்க நாளைக்குப் பேப்பர் ஆபீசுக்குப் போகிறாராம் சித்தப்பா. ஐயோ, நான் ஏன் எழுதினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

அரசு விடுதிக்கு வந்து நாற்பது நாள். அப்பாவும் சித்தப்பாவும் ஜெயிலில். ஜூலை பத்தாம் தேதி காலை, சித்தப்பா கிளம்பும் முன்பே, தலைமையாசிரியர் அறையில் ஒரு பெண் போலீஸ், நிருபர் கொண்டுபோய்க் கொடுத்த அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

இன்று அரைப்பக்கச் செய்தி. "மானத்துக்காக மனம் உடைந்த தந்தை." மானம் ஏழு இடத்தில். அக்கா பெயர் ஓரிடத்தில்.

நிருபர் போன் செய்தார். "வேற ஏதாவது சேக்கணுமாம்மா?"

"மானம்னு போடாதீங்க. கொலைன்னு போடுங்க."

"தலைப்பு என் கையில இல்லம்மா."

"அப்ப யார் கையில இருக்கு?"

சொன்னார். பெயரையும் நம்பரையும் எழுதிக்கொண்டேன்.