மேனேஜர் கேட்கும் பெயர்

என் தேவா மச்சான்,

நீ இல்லாமல் இது இரண்டாவது மழைக்காலம். உன் அம்மா கொடுத்தனுப்பிய புத்தகங்கள் குனோங் ராபாட்டில் என் அறையில் இருக்கின்றன. ஓரங்களில் நீ எழுதிய குறிப்புகளைப் படிக்க இன்னும் துணிவு வரவில்லை. காம்பார் சாலையில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கிய வளைவில் இப்போது விளக்குப் போட்டிருக்கிறார்களாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் கையுறை செய்யும் ஆலை. ஆட்களைக் கவனிக்கும் அதிகாரி. சிரிக்காதே. இலக்கியமும் வரலாறும் படித்தவனுக்கு யார் வேலை தருவார்கள் என்று என் சித்தப்பா கேட்டாரே, இவர்கள் தந்தார்கள். "இயந்திரம் தெரிந்தவர்கள் இங்கே நிறைய. மனிதர்களைத் தெரிந்த ஒருவன் வேண்டும்" என்றார் மேனேஜர். பெருமையாகத்தான் இருந்தது.

கையுறைகளை அடுக்கிப் பெட்டியில் போடும் இடத்தில் ஒரு நீண்ட மேசை. அங்கிருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் ஈப்போவின் சிலிபின் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள்.

போன மாதம் ஒரு புதிய விதி. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் ஒரு மர அட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். மேசைக்கு ஒரே அட்டை. அதை விளக்கிச் சொல்ல என்னை அனுப்பினார்கள்.

"யுனிவர்சிட்டில இதையா தம்பி சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள் ஒருத்தி.

"மாட்டுக்குத்தான் கழுத்துல கட்டுவாங்க," என்றாள் இன்னொருத்தி. "மணியும் சேத்துக் குடுங்க லா. நாங்க போறது மேனேஜருக்குக் கேக்கட்டும்."

மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை அந்த மேசையில் கைகள் நின்றன. கூச்சல் இல்லை. கையுறைகள் குவிந்துகொண்டே இருந்தன, யாரும் தொடவில்லை. அட்டையை எடுத்துவிட்டால் வேலை செய்கிறோம் என்றார்கள். யார் தொடங்கியது என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "மனிதர்களைப் படித்தவன் நீதானே? வெள்ளிக்கிழமை காலை எனக்கு ஒரு பெயர் வேண்டும். அந்த ஒருத்தி போனால் போதும். இல்லையென்றால் மேசையே போகும்."

எனக்குத் தெரியும், மச்சான். சிக்கலே அதுதான்.

தோட்டத்தில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள். கூட்டத்தில் குறிப்பிட்ட ஒருவர் போத்தலைத் திறக்கும்வரை மற்றவர்கள் திறக்க மாட்டார்கள். யாரும் வைத்த சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை ஆலைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கேயும் ஓர் அக்கா மூடியைத் திருகும்வரை எல்லாப் போத்தல்களும் காத்திருக்கும். அவர் அதிகம் பேசுகிறவரும் இல்லை. செவ்வாயன்று அவர் போத்தலைத் திறக்கவில்லை. யாருமே திறக்கவில்லை.

அவர் பெயரை உனக்கும் எழுத மாட்டேன். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும்.

ஒரு நாவலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நீ சொல்வாய்: "பேசறவன விடு லா. யாரு பேசாம இருக்கான்னு பாரு." அப்படித்தான் பார்த்தேன். ஆலையில் வேறு யார் கண்ணிலும் படாதது என் கண்ணில் பட்டது. மனிதரைப் புரிந்துகொண்டவன் அவருக்குக் கெடுதல் செய்ய மாட்டான் என்று விடிய விடிய வாதாடுவாயே. புரிந்துகொள்வதற்குத்தான் இவர்கள் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதை யோசித்தாயா நீ?

நேற்று அந்த அக்கா பேருந்துக்கு நின்றிருந்தார். பக்கத்தில் போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"எம் பேரத்தானே கேக்குறாங்க? குடுத்துருங்க தம்பி. மத்ததுங்க பொழச்சுப் போவட்டும்."

"நான் சொல்ல மாட்டேன்கா."

"சொல்லாட்டி? எல்லாரும் வீட்டுல குந்தணும். ஒங்க வேலையும் போவும். ஒங்கள மாதிரி ஒரு ஆளு உள்ள இருந்தா நாளைக்கு எங்களுக்கு நல்லதுதானே லா."

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார். நான் தப்பிக்க ஒரு வழி காட்டினார். அவரை மிதித்துக்கொண்டுதான் அந்த வழியில் போக முடியும்.

வேலையை விட்டுவிட்டு ஓடலாமா? என் நாற்காலிக்கு வருகிறவன் யாரையாவது கைகாட்டுவான். தெரியாது என்று சொல்லலாமா? என்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு மேனேஜர் மேசையைக் காலி செய்வார். குனோங் ராபாட்டில் எந்தச் சன்னலைத் திறந்தாலும் சுண்ணாம்பு மலைதான் நிற்கிறது.

நாளை வெள்ளிக்கிழமை. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். "தெரியும். சொல்ல மாட்டேன். ஆளை அனுப்புவதென்றால் அந்த அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்த என்னிலிருந்து தொடங்குங்கள்" என்பேன். இது யாரைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவரையும் காப்பாற்றாமலும் போகலாம். குரல் நடுங்காது என்று வாக்குத் தர முடியாது.

நடுங்கினாலும் இதைச் சொல்வேன்.

உன் மச்சான்
குணா